கழுத்துப்பட்டையின் வயது

மேல்நாட்டார் கழுத்தில் அணியும் ‘டை’ என்னும் கழுத்துப்பட்டையைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன். அதைக் கட்டும் முறையைப் பற்றி அன்று. பழைய பட்டை ஒன்று கைக்குக் கிடைத்தால், அது எந்தக் காலத்தில் தைக்கப்பட்டது என்று அறியும் முறையைப் பற்றியே பேசப் போகிறேன். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பழம்பொருட் கடைகளில் இவை விற்பனைக்கு வருகின்றன. பல வீடுகளில் பாட்டனார் நினைவாகப் பெட்டிக்குள் உறங்குகின்றன. வாங்குவோருக்கு வயது என்பது பணத்தைப் பற்றிய கேள்வி. வைத்திருப்போருக்கோ அது குடும்ப வரலாற்றைப் பற்றிய கேள்வி.

பட்டையைக் கண்டவுடன் பலரும் அகலத்தைத்தான் அளக்கிறார்கள். அளக்க வேண்டியதுதான். 1945இல் இரண்டாம் உலகப்போர் முடிந்ததும், போர்க்காலச் சிக்கனத்தில் சலித்திருந்த அமெரிக்க ஆடவர், நாலரை அங்குல அகலமுள்ள பட்டைகளைப் பளிச்சென்ற வண்ணங்களில் அணிந்தனர். 1950களில் அந்த அகலம் சுருங்கத் தொடங்கி, 1960ஐ ஒட்டி இரண்டு அங்குல அளவுக்கு வந்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1960களின் பிற்பகுதியில் லண்டனில் மைக்கேல் ஃபிஷ் என்பவர் அகன்ற பட்டையை மீண்டும் நாகரிகமாக்கினார். 1970களில் அகலம் பழையபடி நாலரை அங்குலத்தைத் தொட்டது. ஆகவே அகலம் ஒன்றையே நம்பினால், பாட்டனையும் பேரனையும் ஒரே வயதினர் என்று எண்ண நேரும்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். கழுத்துப்பட்டைக்கு அந்தப் பதம் உதவாது. நான் கைக்கொள்வது வேறு விதி. ஒரு பட்டையிலுள்ள அடையாளங்களுள் எது மிகப் பிந்தியதோ, அதற்கு முற்பட்டதாக அந்தப் பட்டை இருக்க முடியாது.

முதலில் வெட்டைப் பார்க்கிறேன். நியூயார்க்கைச் சேர்ந்த ஜெஸ்ஸி லாங்ஸ்டார்ஃப் 1920களில் புதுமுறை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். துணியை 45 பாகைச் சாய்வில் வெட்டி, மூன்று துண்டுகளாக இணைத்துத் தைக்கும் முறை அது. சாய்வாக வெட்டிய துணி இழுத்தால் சற்று நீளும். முடிச்சை அவிழ்த்தால் பழைய நிலைக்கு மீளும். அடுத்தது நீளம். 1930களிலும் 1940களிலும் காற்சட்டையை இடுப்புக்கு மேலே ஏற்றி அணிந்தார்கள். ஆகையால் அக்காலப் பட்டைகள் இன்றையவற்றைவிடக் குட்டையானவை.

பின்னர் இழை. ரேயான் என்னும் பெயர் 1924இல் வழக்குக்கு வந்தது. 1941இல் ஜப்பானியப் பட்டு அமெரிக்காவுக்கு வருவது நின்றபோது, பட்டின் இடத்தை நிரப்பியவற்றுள் ரேயானும் ஒன்று. அதே 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் பாலியெஸ்டர் இழையைக் கண்டுபிடித்தனர். அது ஆடையாகிக் கடைக்கு வந்ததோ 1950களில்தான். உள்மடிப்பிலிருந்து ஓர் இழையை எடுத்துச் சுட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். பட்டு, மயிர் கருகும் நாற்றம் தரும். ரேயான் காகிதம்போல் எரியும். பாலியெஸ்டர் உருகி மணியாக இறுகும்.

கடைசியாகப் பட்டையின் பின்புறத்துச் சீட்டு. அமெரிக்காவில் 1958இல் இயற்றப்பட்டு, 1960 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சட்டம், இழையின் பெயரையும் விழுக்காட்டையும் குறிக்குமாறு பணித்தது. கம்பளிப் பட்டையில் ‘வூல்மார்க்’ முத்திரை இருந்தால் அது 1964க்கு முற்பட்டதன்று.

இப்பொழுது ஒரு பட்டையை எடுத்துக்கொள்வோம். நாலரை அங்குல அகலம், பெரிய பூக்கள். 1946இல் பாட்டனார் தம் திருமணத்தன்று அணிந்தது என்று வீட்டார் சொல்கிறார்கள். அகலம் அதற்கு ஒத்துப் பேசுகிறது. சீட்டைப் புரட்டினால், நூற்றுக்கு நூறு பாலியெஸ்டர் என்றிருக்கிறது. அந்தத் திருமணத்தில் இந்தப் பட்டை இருந்திருக்க முடியாது.

வீட்டார் மனம் நோகுமே என்று இதைச் சொல்லாமல் விடலாமா? விடலாகாது என்பதே என் கருத்து. 1946இல் மணமகனாக நின்றவர், 1970களில் ஐம்பதை எட்டிய பருவத்தில், தம் மகன் வயதினர் அணிந்த பூப்போட்ட பட்டையைக் கடைக்குப் போய் விரும்பி வாங்கியிருக்கிறார். அவரைப் பற்றி அக்குடும்பம் அறியாதிருந்த செய்தி அது. பொய்யான பழமையைக் காக்கப்போய், மெய்யான மனிதரை இழந்துவிடக் கூடாது.