சுவிட்சை விட்டபின்னும் சுழலும் ரம்பம்



வீட்டில் பலகை அறுக்க மின் வட்ட ரம்பத்தைக் கையில் எடுப்பவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். பழகிய கைதான், ஆனாலும் கேளுங்கள். சுவிட்சை விட்டதும் பிளேடு நின்றுவிடாது, சில விநாடிகள் சுழலும். முழுவதும் நின்ற பிறகே கீழே வையுங்கள். இடைஞ்சலாக இருக்கிறதென்று பிளேடின் மூடியைத் தூக்கிக் கட்டிவைப்பார்கள் சிலர். அது வேண்டவே வேண்டாம்.

அறுக்கும்போது பலகை வளைந்து பிளேடைக் கவ்வினால், ரம்பம் உங்களை நோக்கித் துள்ளும். அதன் நேர்ப்பின்னால் நிற்காமல் சற்று ஒதுங்கி நின்று, இரு கைகளாலும் பிடியுங்கள். பிளேடை மாற்றுமுன் பிளக்கைக் கழற்றுங்கள்.

வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறீர்களா? வெட்டுப்பட்டால் இரத்தம் எளிதில் நிற்காது. சுத்தமான துணியால் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். ஆழமான காயமென்றால் 995-ஐ அழைத்து, மருந்தின் பெயரையும் சொல்லுங்கள்.