பேட்டரிக்கு அரை வயிறு போதும்

(முன்னாள் மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "ட்ரோனைப் பத்திப் பேசுப்பா, பசங்க கேட்பாங்க" என்றார். ட்ரோன் என்றால் நம்ம ஊரில் எல்லோருக்கும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்ஷா அணிதான் நினைவுக்கு வரும். 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தார்கள்; நடிகர் அஜித் ஆலோசகர். அது பறக்கிற கதை. நான் பேச வந்தது, பறக்காமல் பீரோவில் கிடக்கிற கதை.

எனக்கு ஊர் உத்திரமேரூர் பக்கம் சாலவாக்கம். வேலை சென்னையில். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போனால் பெரிய விஷயம். ஐப்பசி, கார்த்திகையில் போனால் ஏரி தளும்பி நிற்கும். மழை விட்ட அரைமணியில் பெரியப்பா வந்து, "தம்பி, அந்த மெஷினை விட்டு அந்தக் கோடியில கரை எப்படி இருக்குன்னு பாரேன்" என்பார். நடந்து போனால் முழங்கால் வரை சேறு. ட்ரோனுக்கு மூணு நிமிஷ வேலை. கரையில் ஓட்டை விழுந்திருந்தால், தெரிந்துகொள்ள அந்த அரைமணிதான் அவகாசம். அப்போது பேட்டரி கைகொடுக்க வேண்டும். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருகிற வேலை இல்லை இது.

"அப்போ எப்பவும் ஃபுல் சார்ஜில் வைக்க வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். அங்கேதான் வம்பு. நமக்கு அந்தப் பழக்கம் வந்தது வீட்டு இன்வெர்ட்டரிலிருந்தும் டிராக்டரிலிருந்தும். அவை ஈய-அமில பேட்டரிகள். பாதியில் விட்டால் தகட்டில் சல்பேட் படிந்து கெடும். அதனால் எப்போதும் நிரம்பியே இருக்க வேண்டும். லித்தியத்துக்குக் குணம் நேரெதிர். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுச் சும்மா படுத்தால்தான் அதற்கு நோய்.

லித்தியம் பாலிமர் செல் நிரம்பினால் 4.2 வோல்ட். அந்த அழுத்தத்தில் நாள்கணக்கில் கிடந்தால், நேர்முனைப் பக்கம் உள்ளிருக்கும் திரவம் மெல்ல மெல்லச் சிதைந்து வாயுவாகும். சுற்றிலும் இரும்பு உறை கிடையாது, வெறும் பைதான். அதனால் அப்பளம் மாதிரி உப்பும். காலியாக விட்டாலும் ஆபத்து. 3 வோல்ட்டுக்கு வெகுகீழே இறங்கினால் உள்ளே இருக்கும் செப்புத் தகடே கரைய ஆரம்பிக்கும். அப்புறம் சார்ஜ் போடுவது வெடிக்குத் திரி கிள்ளுவது மாதிரி. செல்லுக்குச் சுகமான இடம் 3.8 வோல்ட், ஏறத்தாழப் பாதி.

பேட்டரித் துறையில் அடிக்கடி எடுத்தாளும் கணக்கு ஒன்று உண்டு. 25 டிகிரியில் 40 சதவீதச் சார்ஜில் ஒரு வருடம் வைத்தால் 96 சதவீதத் திறன் மிஞ்சும். முழுச் சார்ஜில் வைத்தால் 80. அதையே 40 டிகிரியில் வைத்தால் 85-ம் 65-ம். செல்லுக்குச் செல் கொஞ்சம் மாறும், போக்கு மாறாது. நம்ம அக்னி நட்சத்திரத்தில், ஓடு போட்ட வீட்டுப் பரணில், ஃபுல் சார்ஜ் பேட்டரி என்ன கதியாகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். வெயிலில் நிறுத்திய கார் இன்னும் மோசம்.

சரி, பெரியப்பாவுக்கு என்ன பதில்? விடை ரொம்பச் சுலபம், ஆனால் யாரும் யோசிப்பதில்லை. 25 நிமிஷம் பறக்கும் ட்ரோன், பாதிச் சார்ஜில் 12 நிமிஷம் பறக்கும். திரும்பி வரக் கொஞ்சம் ஒதுக்கினாலும் ஆறேழு நிமிஷம் கையில் இருக்கிறது. கரையைப் பார்க்க அது தாராளம்! முதலில் ஆள் உயரத்தில் அரை நிமிஷம் நிறுத்தி வோல்ட் சட்டென்று சரிகிறதா என்று பார்க்க வேண்டும். சரிந்தால் இறக்கிவிட வேண்டும். மற்ற பேட்டரிகளை அதற்குள் சார்ஜில் போட்டால் முக்கால் மணிக்குள் நிரம்பிவிடும். கரண்ட் இல்லையா? மூணு செல், 5000 எம்.ஏ.எச். பேட்டரி 55 வாட்-அவர். பாதியை நிரப்ப, சேதாரத்தோடு 35. கார் பேட்டரியில் சுமார் 540 இருக்கிறது, அது தாங்கும். பைக் பேட்டரி மொத்தமே 60 தான், அதைத் தொட வேண்டாம், வண்டி கிளம்பாது.

பறந்து இறங்கிய சூட்டோடு சார்ஜரில் மாட்டக் கூடாது. பெரியம்மா தருகிற காபியைக் குடித்து முடியுங்கள், அது ஆறிவிடும். ஊருக்குக் கிளம்புமுன் பாதியளவுக்குக் கொண்டுவந்து வையுங்கள். நல்ல சார்ஜர்களில் அதற்கென்றே 'ஸ்டோரேஜ்' என்று ஒரு முறை உண்டு. கம்பெனி ட்ரோன்கள் பலவற்றில் பேட்டரியே சில நாள் கழித்துத் தானாக இறக்கிக்கொள்ளும். அப்போது லேசாகச் சுடும், பயப்பட வேண்டாம். ஆனால் அதையும் மூணு மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

இது என் பொழுதுபோக்கு விஷயம் மட்டுமல்ல. 2023-ல் அறிவித்த 'நமோ ட்ரோன் தீதி' திட்டத்தில் மகளிர் குழுக்களுக்குத் தரும் மருந்து தெளிக்கும் ட்ரோனோடு கூடுதலாக நான்கு செட் பேட்டரியும் உண்டு. எங்கள் பக்கம் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூணு பட்டம். இடையில் வாரக்கணக்கில் அவை உரக் கிடங்கில் தூங்கும். பயிற்சியில் பறக்கச் சொல்லிக் கொடுப்பதில் பாதி அக்கறை தூங்க வைக்கக் கற்றுக்கொடுப்பதிலும் வேண்டும் என்பது என் கட்சி.

கடைசியாக, ஹாஸ்டல் தம்பிகளுக்கு. இந்தப் பேட்டரியைக் கட்டிலுக்கு அடியில் வைத்து, ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். தரையில், எரியக்கூடிய பொருள் பக்கத்தில் இல்லாமல், ஆள் விழித்திருக்கும்போது போடுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல். உப்பியதை ஊசியால் குத்திக் காற்று இறக்கலாம் என்று சொல்கிற சீனியர் ஒருவர் எல்லா பேட்ச்சிலும் இருப்பார்; அவர் பேச்சைக் கேட்காதீர்கள். உப்பியது குப்பைத் தொட்டிக்கும் போகக் கூடாது, மின்கழிவு எடுப்பவரிடம்தான் போக வேண்டும். சாப்பாட்டுக்கு அப்புறம் யாராவது உங்கள் கிளப் அறைப் பெட்டியைத் திறந்து காட்டினால், ஒவ்வொரு செல்லாக மீட்டர் வைத்துச் சேர்ந்தே பார்ப்போம். மீட்டர் கொண்டு வந்திருக்கிறேன்.