வாக்காளரும் அந்தரங்கமும்



தேர்தல் வந்தால் வேட்பாளரைப் பற்றி நாம் பல கேள்விகள் கேட்கிறோம். சாலை போடுவாரா? நல்ல குடிநீர் தருவாரா? படித்த பிள்ளைகளுக்கு வேலைக்கு வழி செய்வாரா? இவை யாவும் கேட்க வேண்டிய கேள்விகளே. இவற்றோடு மற்றொரு கேள்வியையும் சேர்க்க வேண்டுமா என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். நம் அந்தரங்கத்தை இவர் மதிப்பாரா என்பது அந்தக் கேள்வி. இக்காலத்தில் இதனைத் தனியுரிமை என்று வழங்குகிறார்கள்.

சேர்க்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. இக்கருத்தை எனக்குக் கற்பித்தது புத்தகம் அன்று. நான் செய்த ஒரு தவறு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளிக்கு, தேர்தல் நெருங்கிய வேளையில், அறிமுகமான ஒருவர் வந்தார். உதவித்தொகைக்கு விண்ணப்பித்த மாணவர்களின் பெயரும் முகவரியும் வேண்டும் என்றார். ஏழைப் பிள்ளைகளுக்கு நன்மை செய்யவே என்றும் சொன்னார். நான் மறுகேள்வி கேளாமல் எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டு வாரம் சென்றபின் ஒரு மாணவியின் தாய் என்னைக் காண வந்தார். கணவரை இழந்தவர், மீன் விற்று மகளைப் படிக்க வைத்தவர். வாக்குக் கேட்டு வந்தவர்கள் அவர் வீட்டு வாயிலில் நின்று, தெருவே கேட்கும்படி, "உன் மகளுக்கு உதவித்தொகை கேட்டிருக்கிறாய் அல்லவா? எங்களை மறந்துவிடாதே" என்றார்களாம். அந்த அம்மையார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "எங்கள் கஷ்டத்தைப் பள்ளிக்கூடத்தில் மட்டும்தானே சொன்னேன், ஐயா" என்றார். நான் தலைகுனிந்தேன்.

இதில் பொய் இல்லை, திருட்டு இல்லை. ஒரு காரியத்திற்காக நம்பிக் கொடுத்த செய்தி, கொடுத்தவரைக் கேளாமல் வேறொரு காரியத்திற்குச் சென்றது. பிழை அதுதான். குற்றம் செய்தவனுக்குத்தான் மறைவு வேண்டும், நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கின்றனர். அந்த அம்மையார் செய்த குற்றம் என்ன? தம் வறுமையை யாரிடம் சொல்வது, எதற்காகச் சொல்வது என்பதைத் தாமே முடிவு செய்ய விரும்பினார். அந்தரங்கம் என்பது அவ்வளவே.

இந்த உரிமையை நம் நாடு எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. 1962ஆம் ஆண்டு கரக் சிங் என்பவர் தொடுத்த வழக்கில், காவலர் இரவு நேரத்தில் வீட்டிற்குச் சென்று சோதிப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயினும் அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்பதை அன்று பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்கவில்லை. ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்டு 24ஆம் நாள், ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அஃது அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர்.

நீதிமன்றம் கூறிவிட்டது, இனி வாக்காளருக்கு என்ன வேலை என்று நினைக்கலாகாது. 2021ஆம் ஆண்டு நம் புதுச்சேரியிலேயே நடந்ததைப் பாருங்கள். ஏப்ரல் 6ஆம் நாள் சட்டமன்றத் தேர்தல். அதற்கு முன், வாக்காளர் பலரின் கைபேசிகளுக்கு ஒரு கட்சியின் பெயரில் குறுஞ்செய்திகள் வந்தன; வாக்குச்சாவடி வாரியாக அமைந்த வாட்ஸ்அப் குழுக்களில் சேர அழைத்தன. ஆதாரோடு இணைத்த எண்களுக்கே அவை வந்தன என்று கூறிச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. அக்கட்சி அதனை மறுத்தது. தன் தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று திரட்டிய எண்களே அவை என்றது. ஆதார் ஆணையம் இதற்கு விடை கூற வேண்டும் என்றது நீதிமன்றம். யார் சொன்னது சரி என்று தீர்ப்புக் கூறுவது என் வேலை அன்று. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே தேர்தல் நாள் வந்துவிடுகிறது. நீதிமன்றம் பின்னர் விடை காணலாம். வாக்காளர் அன்றே முடிவு செய்தாக வேண்டும்.

மேலும், சட்டத்தை எழுதுபவர் நாம் தேர்ந்தெடுத்து அனுப்புபவரே. 2023இல் நாடாளுமன்றம் தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அச்சட்டத்தின்படி, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக, மத்திய அரசு தன் அமைப்புகள் சிலவற்றுக்கு விலக்கு அளிக்கலாம். அவ்விலக்கு எவ்வளவு அகலமாக இருக்கலாம்? இது நீதிபதியை மட்டும் கேட்கும் கேள்வி அன்று. வேட்பாளரையும் கேட்க வேண்டிய கேள்வி.

"பசித்தவனிடம் அந்தரங்கம் பேசலாமா?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அரிசியும் ஓய்வூதியமும் உரியவரைச் சேர வேண்டுமானால் அரசு சில செய்திகளை அறிந்துதான் ஆக வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் செல்வர் அரசிடம் கையேந்துவதில்லை. தம் வீட்டுச் செய்தியைப் பல படிவங்களில் எழுதிக் கொடுப்பவர் ஏழையே. ஆகையால் அது கைமாறினால் முதலில் துன்புறுபவரும் ஏழையே. சோறும் வேண்டும், அதைப் பெறும்போது மானமும் வேண்டும்.

அந்தரங்கம் இன்றித் தேர்தலே இல்லை என்பதையும் மறவாதீர்கள். 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், யாருக்கு வாக்களித்தாய் என்று எந்த வாக்காளரையும் வழக்கு மன்றத்தில்கூடக் கட்டாயப்படுத்திக் கேட்கக்கூடாது என்கிறது. பண்ணையாளும் பண்ணையாரும் அந்த மறைவிற்குள் சமம். நம் வறுமை, நோய், கடன், சாதி யாவும் பட்டியலாக ஒருவர் கையில் இருக்குமானால், மறைவிற்குள் போகுமுன்பே அச்சமும் ஆசையும் நம்மைப் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே வாக்குக் கேட்டு வருபவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். என் பெயரும் எண்ணும் உமக்கு எப்படிக் கிடைத்தன? அவற்றை வேறு எதற்கு, எத்தனை நாள் வைத்திருப்பீர்? வேண்டாம் என்று நான் சொன்னால் அழித்துவிடுவீரா? மேடையில் அவர் பேசும் பேச்சைக் காட்டிலும், வாயிலில் நின்று அவர் சொல்லும் விடை உண்மையைக் காட்டும். இஃது ஒன்றை மட்டுமே கொண்டு வாக்களியுங்கள் என்று நான் சொல்லவில்லை. மற்றவற்றில் இருவர் ஏறத்தாழ ஒத்திருந்தால், தராசு இதனால் சாயட்டும். வாக்குக் கேட்கும்போதே நம் வீட்டுச் செய்தியை மதியாதவர், பதவி ஏறியபின் மதிப்பார் என்று நம்புவதற்கு இடமில்லை.

பதினெட்டு வயது நிறைந்தவுடன் இந்தத் தராசு உங்கள் கைக்கு வரும். அதுவரை உங்கள் கையில் இருப்பது கைபேசி. தோழன் நம்பிச் சொன்ன செய்தி அதில் இருக்கும். அவனைக் கேளாமல் அதைப் பிறருக்கு அனுப்பாதீர்கள். நான் அன்று செய்யத் தவறியது அதுதான்.