பஞ்சியல்ல, களைப்பு
(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



விழா மேடையில் வென்ற கேடயங்களைப் பற்றிப் பேசுவது வழக்கம். நாங்கள் இன்று, ஓடிக்கொண்டிருந்து இடையில் நின்றுவிட்ட பிள்ளையைப் பற்றிப் பேச விரும்புகிறோம்.

எழுவைதீவு சிறிய ஊர், பிள்ளைகளும் சிலர்தான். ஓட்டத்துக்கு நிற்பவளே நீளம் பாய்தலுக்கும் நிற்பாள். வலைப்பந்தாட்டத்துக்கு ஏழு பேரைத் தேடினால் அங்கும் அவளே. எங்கள் காலத்திலும் அப்படி ஒருத்தி இருந்தாள். விடியப்புறம் வெறும் தேத்தண்ணியோடு ஊர்காவற்றுறைக்குப் படகேறுவாள், வென்று வருவாள். பின்பு ஒரு வருடம், கால் நோகிறது என்றாள். நித்திரை இல்லை என்றாள். மைதானப் பக்கமே வர மறுத்தாள். "பஞ்சி பிடித்துவிட்டது" என்று மற்றவர்களோடு சேர்ந்து நாங்களும் சொன்னோம். அந்தச் சொல்லுக்காக இன்றும் வருந்துகிறோம்.

பயிற்சி உடலை வருத்துகிறது. ஓய்வும் உணவுமே அதைப் பலப்படுத்துகின்றன. அவை குறைந்தால் ஆறாத நோவு, அடிக்கடி தடிமன் காய்ச்சல், எலும்பில் மயிரிழை போன்ற வெடிப்பு என்பன வரலாம். உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு இல்லாத பெண்பிள்ளைக்கு மாதவிடாய் தவறலாம், எலும்பும் பலமிழக்கும். விளையாட்டு வீரர்களின் இந்தச் சக்திப் பற்றாக்குறையைச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் தனியாக எடுத்துரைத்தது. பிள்ளைகள் இதை வெட்கத்தால் மறைப்பார்கள். தாய்மார் கேட்டறிய வேண்டும்.

மனமும் அப்படியே. தீராத களைப்பு, எவ்வளவு செய்தாலும் போதாது என்ற எண்ணம், ஆசைப்பட்ட விளையாட்டிலேயே வெறுப்பு: இம்மூன்றும் சேர்ந்து நீடித்தால் அதைப் பஞ்சி என்று தள்ளிவிடக் கூடாது.

டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021இல், அமெரிக்க ஜிம்னாஸ்டிக் வீராங்கனை சிமோன் பைல்ஸ் தமது மனநலம் கருதிக் குழு இறுதிப்போட்டியின் நடுவில் விலகினார். அப்போது அவருக்கு 24 வயது. ஓய்வெடுத்துத் திரும்பியவர் 2024 பாரிஸில் மூன்று தங்கம் வென்றார். நம் யாழ்ப்பாணத்து தர்ஜினி சிவலிங்கம் 40 வயதில், 2019 லிவர்பூல் உலகக் கிண்ண வலைப்பந்தாட்டத்தில் அதிக கோல்கள் போட்டார். விளையாட்டு வாழ்க்கை நீண்டது. அதைப் பதினாறு வயதுக்குள் முடித்துவிட வேண்டியதில்லை.

கிழமையில் ஒரு நாளாவது, வருடத்தில் மொத்தமாக இரண்டு மூன்று மாதமாவது ஒரே விளையாட்டிலிருந்து பிள்ளைக்கு விடுப்பு வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் அறிவுரை. எங்கள் வேண்டுகோளும் அதுவே. இன்னும் ஒன்று: வலயமட்டப் போட்டிக்குப் புறப்படும் பிள்ளையின் கையில் ஒரு சாப்பாட்டுப் பொதி இருக்கட்டும். எல்லாப் போட்டியையும் ஒருத்தியின் தலையில் கட்டாதீர்கள். ஒரு போட்டிக்கு ஆளில்லாமற் போனால் போகட்டும்.

பிள்ளைகளே, "ஏலாது" என்று சொல்லுங்கள். அன்று எங்கள் தோழி சொன்னதை நாங்கள் கேட்கவில்லை. இன்று நீங்கள் சொன்னால் கேட்பதற்கு நாங்கள் இருக்கிறோம்.