யோசேப்பு ஏன் அழுதான்?

(நன்கொடையாளர் கூடுகையில் எங்கள் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரையின் சுருக்கம்)



யோசேப்பைச் சகோதரர்கள் குழியில் போட்டபோது அவனுக்கு ஏறக்குறைய 17 வயது. பின்பு எகிப்தில் உயர்ந்தான். மறக்கச்செய்தல் என்று பொருள்படும் மனாசே என்ற பெயரைத் தலைமகனுக்கு வைத்தான். ஆனால் 20 வருஷத்துக்குப் பிறகு அதே சகோதரர்கள் தானியம் வாங்க வந்து நின்றபோது, ஒதுங்கிப்போய் அழுதான். பெயரிலே மறந்தாயிற்று, மனதிலே மறக்கவில்லை.

பிரிட்டனில் 1958-ஆம் ஆண்டு ஒரே வாரத்தில் பிறந்த பிள்ளைகளை ஆராய்ச்சியாளர்கள் 50 வயதுவரை கவனித்து வந்தார்கள். 7, 11 வயதுகளில் மற்றப் பிள்ளைகளால் அடிக்கடி கொடுமைப்படுத்தப்பட்டவர்களிடம் நடுவயதிலும் மனச்சோர்வும் பதற்றமும் அதிகமாயிருந்ததை 2014-இல் வெளியிட்டார்கள்.

தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று ஒரு சகோதரர் எங்களிடம் வந்தார். வயது நாற்பதைத் தாண்டியவர். இருதயத்தில் குறை ஒன்றுமில்லை. மனநல மருத்துவர் நிதானமாகக் கேட்டபோதுதான், பள்ளி விடுதியில் அவருடைய திக்குவாயைப் பையன்கள் வருஷக்கணக்காய்ப் பரிகசித்தது வெளியே வந்தது. ஆலயத்தில் வேதபாடம் வாசிக்கச் சொன்னால் அன்றைக்கு ஆராதனைக்கே வரமாட்டாராம். மன்னிக்காதவன் எப்படிச் சேருவது என்று இரண்டு வருஷமாகத் திருவிருந்தையும் விட்டிருந்தார்.

“மன்னிச்சிடு, ஜெபம் பண்ணுன்னு எல்லாரும் சொன்னாங்க ஐயா. என்ன நடந்ததுன்னு ஒருத்தரும் கேட்கல” என்றார். நானும் எத்தனையோ பேருக்கு அப்படியே சொல்லி அனுப்பியவன். அன்று வெட்கப்பட்டேன்.

யோசேப்பும் உடனே கட்டித்தழுவவில்லை. சகோதரர்களைச் சோதித்தறிந்த பிறகே தன்னை வெளிப்படுத்தினான். மன்னிப்புக்கு நாள் பிடிக்கும். அதுவரை மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் அல்ல; மருந்தும் ஜெபமும் ஒன்றுக்கொன்று பகையும் அல்ல.

மருந்து, ஆலோசனை, ஜெபம் என்று எட்டு மாதம் சென்றது. தூக்கம் வந்தது. ஒரு ஞாயிறு திருவிருந்திலும் பங்குபெற்றார். வேதபாடம் வாசிக்க இன்னும் தயங்குகிறார், நாங்கள் அவசரப்படுத்தவில்லை.

உங்கள் காணிக்கைதான் இப்படிப்பட்டவர்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்கும் ஆலோசகருக்குச் சம்பளமாகிறது, ஏழைகளுக்கு மருந்தாகிறது. இன்னொன்றும் கேட்கிறேன். உங்கள் ஓய்வுநாள் பள்ளியில் பட்டப்பெயரால் அழைக்கப்படும் பிள்ளை ஒன்று இருக்கும். அதன் அருகே உட்காருங்கள். என்ன நடந்தது என்று கேளுங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.