ராஜ்யசபா எம்.பி.யை மக்களே நேரடியா தேர்ந்தெடுத்தா என்ன?

(தகவல் தொழில்நுட்ப அணியின் இணையவழிப் பயிற்சிக் கூட்டத்தில் பேசியது)



போன கூட்டத்துல ஒரு தம்பி கேட்டாரு: "அண்ணே, அமெரிக்காவுல செனட்டரை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்குறாங்க. இங்க ராஜ்யசபா எம்.பி.யை மட்டும் ஏன் எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுக்கணும்?" நேரமாச்சுன்னு சொல்லி அன்னைக்குத் தப்பிச்சுட்டேன். உண்மையில எனக்குப் பதில் தெரியல. இப்போ படிச்சுட்டு வந்திருக்கேன்.

அமெரிக்காவிலும் ஆரம்பத்துல நம்ம முறைதான். மாநிலத்துக்கு ரெண்டு செனட்டர், ஆறு வருஷப் பதவி, தேர்ந்தெடுப்பது மாநிலச் சட்டமன்றம். 1913ல் 17வது திருத்தம் வந்த பிறகுதான் நேரடித் தேர்தல்.

ஏன் மாத்தினாங்க? முதல் காரணம் காசு. மொன்டானா மாநிலத்துல வில்லியம் கிளார்க்னு ஒரு செம்புச் சுரங்க முதலாளி. சட்டமன்ற உறுப்பினர்களுக்குப் பணம் கொடுத்து 1899ல் செனட்டர் ஆனாருன்னு புகார், விசாரணை. செனட் வெளியேத்துறதுக்கு முன்னாடி 1900ல் அவரே ராஜினாமா பண்ணிட்டாரு. அப்புறம் நடந்ததுதான் கூத்து. ஆளுநர் வெளியூர் போன நேரம் பார்த்து, துணை ஆளுநர் அதே காலியிடத்துக்கு அவரையே நியமிச்சாரு! (அங்க ஆளுநர் மக்கள் ஓட்டுல ஜெயிச்சு வர்றவர். நம்ம ராஜ்பவனோட குழப்பிக்காதீங்க.) அந்த நியமனம் நிக்கல. ஆனா 1901ல் அதே மாநிலச் சட்டமன்றம் அவரை மறுபடியும் அனுப்பி வெச்சது.

டெலவேர்ல இன்னும் மோசம். கோஷ்டிச் சண்டையில முடிவே எடுக்க முடியாம, 1901லிருந்து 1903 வரை அந்த மாநிலத்துக்கு ஒரு செனட்டர்கூட இல்ல. ரெண்டு நாற்காலியும் காலி.

இதையெல்லாம் படிச்சப்போ, தம்பி கேட்டது சரிதானோன்னு எனக்கும் தோணுச்சு. ஆனா நம்ம கணக்கைப் போட்டுப் பார்த்தா வேற மாதிரி வருது.

தமிழ்நாட்டுக்கு 18 ராஜ்யசபா இடம். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆறு காலியாகும். 234 எம்.எல்.ஏ.க்களும் ஓட்டுப் போட்டா, ஒருத்தர் ஜெயிக்க 34 ஓட்டு வேணும். அதனால எதிர்க்கட்சிக்கு 34 பேர் இருந்தா அவங்களுக்கும் ஒரு இடம் நிச்சயம். இதையே மாநிலம் முழுக்க நேரடித் தேர்தலா வெச்சா? 234 தொகுதியிலயும் ஒரு வேட்பாளர் சுத்தி வரணும். அதுக்கு ஒண்ணு பணம் வேணும், இல்ல முகம் தெரிஞ்ச நடிகரா இருக்கணும். அமெரிக்காவுல நேரடித் தேர்தல் வந்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, செனட் தேர்தல்ல பணம் குறைஞ்ச மாதிரி தெரியல.

அதுக்காக நம்ம முறை சுத்தம்னு நான் சொல்ல வரல. 2024 பிப்ரவரியில இமாச்சல்ல ஆறு காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் மாத்தி ஓட்டுப் போட்டாங்க. 34க்கு 34 சமமாகி, குலுக்கல்ல முடிவாச்சு. ஓட்டைக் கட்சி ஏஜென்ட்கிட்ட காட்டணும்னு 2003லயே சட்டம் வந்தும் இந்த நிலை. அடுத்த மாசமே உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள், ராஜ்யசபா தேர்தல்ல ஓட்டுக்குக் காசு வாங்கினாலும் வழக்கு உண்டுன்னு தெளிவா சொன்னாங்க.

என்னைக் கேட்டா, பெரிய ஓட்டை அதே 2003 திருத்தத்துல இன்னொரு வரி. வேட்பாளர் அந்த மாநிலத்துல குடியிருக்கணும்ங்கற நிபந்தனையை எடுத்துட்டாங்க. 2006ல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும்னு சொல்லிடுச்சு. மாநிலங்களவைன்னு பேரு, மாநிலத்துல வீடு வேணாம்! மாநில உரிமை பேசுற நாம இதைத்தான் முதல்ல எதிர்க்கணும்.

இன்னொண்ணு, இது நமக்கே சொல்லிக்கறது. நம்ம சட்டமன்றம் ஒரு தீர்மானம் போட்டா, நாம அனுப்பின உறுப்பினர்கள் டெல்லியில அதுக்காக எத்தனை தடவை எழுந்து பேசினாங்க? உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கும் தெரியாது. தலைமைக்கு ஒரு வேண்டுகோள் அனுப்பியிருக்கேன்: ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிஞ்சதும் நம்ம ராஜ்யசபா உறுப்பினர்கள் கேட்ட கேள்வி, பேசின பேச்சு, போட்ட ஓட்டு எல்லாத்தையும் தமிழ்ல இந்தப் பக்கத்துல போடணும். பேசாதவங்க பேரும் சேர்த்துத்தான்.

கேள்வி, பேச்செல்லாம் ராஜ்யசபா இணையதளத்துலயே இருக்கு. எக்செல்ல ஏத்துற வேலையை நான் பார்த்துக்கறேன். மொழிபெயர்க்க மாவட்டத்துக்கு ரெண்டு பேர் வேணும். இன்னைக்கே பேர் கொடுங்க தோழர்களே.

#மாநிலஉரிமை #மாநிலங்களவை