தோட்டம் இருந்த இடத்தில் பேரங்காடி



இன்றைய பேச்சின் பொருள் பேரங்காடி. போகிறோம், பார்க்கிறோம், வாங்குகிறோம், திரும்புகிறோம்; இதில் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். ஆனால், முன்பு தோட்டத்துத் திடலும் கோயில் வாசலும் சம்பள நாள் சந்தையும் செய்த வேலையை இன்று பல ஊர்களில் பேரங்காடிதான் செய்கிறது. ஆகவே அது எப்படிப்பட்ட இடம், யாருடைய இடம் என்பதை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் அதன் பிறப்பைப் பார்ப்போம். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் எடைனா என்னும் புறநகரில், 1956ஆம் ஆண்டு சவுத்டேல் என்ற பேரங்காடி திறக்கப்பட்டது. முழுவதும் கூரையிட்டு, உள்ளே வெப்பத்தையும் குளிரையும் கட்டுப்படுத்திக் கட்டிய முதல் பேரங்காடி அதுவே. அதை வரைந்தவர் விக்டர் குரூயன். வியன்னா நகரில் பிறந்து, 1938இல் நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா சென்ற கட்டடக் கலைஞர் அவர். புறநகர்களில் வீடுகள் ஒரு பக்கம், கடைகள் ஒரு பக்கம் என்று சிதறிக் கிடந்தன. மக்கள் கூடி நின்று பேச இடமே இல்லை. வியன்னாவின் சதுக்கங்களைப் போல ஓர் இடம் வேண்டும். அதைச் சுற்றி வீடுகள், பள்ளி, மருத்துவ நிலையம், பூங்கா எல்லாம் வேண்டும் என்று அவர் கனவு கண்டார். நடந்தது என்ன? கடைகள் வந்தன, கார் நிறுத்துமிடம் வந்தது. கனவின் மறுபாதி பெரும்பாலும் வரவில்லை. முதுமையில் அவரே இதைக் கண்டு மனம் கசந்து பேசினார்.

நம் நாட்டுக்கு வருவோம். கோலாலம்பூரில் 1973இல் அம்பாங் பார்க் திறக்கப்பட்டது. பிறகு பேரங்காடிகள் புறநகர்களுக்கும் பரவின. 1988இல் சுபாங் ஜெயாவில் சுபாங் பரேட், 1995இல் பண்டார் உத்தாமாவில் ஒன் உத்தாமா. இந்த இரண்டு ஊர்களின் மண்ணும் நமக்கு அந்நியமானதல்ல. சுபாங் ஜெயா எழுந்த நிலம் சீஃபீல்ட் தோட்டம். பண்டார் உத்தாமா எழுந்த நிலம் எஃபிங்ஹாம் தோட்டம். விடியுமுன் பெரட்டுக்குக் கூடிய மண்ணில்தான் இன்று பேரங்காடி விளக்குகள் எரிகின்றன.

பேரங்காடியால் நன்மை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க இடம் உண்டு. முதியவர்கள் வழுக்காத தரையில் காலாற நடக்கலாம். மலாய்க்காரர், சீனர், இந்தியர் எல்லாரும் ஒரே மேசை வரிசையில் அமர்ந்து உண்ணும் காட்சியை அங்கே காணலாம். முன்பு திடலில் வெள்ளைத் திரை கட்டிக் காட்டிய தமிழ்ப் படம் இப்போது அங்குள்ள திரையரங்கில் ஓடுகிறது. தீபாவளி வந்தால் பேரங்காடியின் நடுக்கூடத்தில் வண்ண அரிசிக் கோலம் போடுகிறார்கள். நம் பிள்ளைகள் பலருக்கு முதல் வேலை கிடைப்பதும் அங்கேதான்.

ஆனால், பேரங்காடி நடக்கும் முறையையும் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே பெரிய பேரங்காடிக் கடை ஒன்றோ இரண்டோ ஒவ்வொரு கோடியில் இருக்கும். கூட்டத்தை இழுப்பவை என்பதால் அவற்றுக்கு வாடகை குறைவு. இடையிலுள்ள சிறு கடைகளே சதுர அடிக்கு அதிக வாடகை கொடுக்கின்றன. ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நாம் நடக்கும்போது அந்தச் சிறு கடைகளைக் கடந்தே போக வேண்டும். நகரும் படியில் ஏறினால், அடுத்த மாடிக்குச் செல்ல மீண்டும் சுற்றி நடக்கும்படி அமைத்திருப்பதும் உண்டு. நாம் எவ்வளவு நேரம் நடக்கிறோமோ, அவ்வளவு நேரம் நம் கண்ணில் பொருள் படும். அரிசி வாங்கப் போனவர் சட்டையோடு திரும்புவதற்குக் காரணம் இதுதான்.

தோட்டத்துக் கடையில் 555 என்று அட்டையில் அச்சிட்ட சிறு புத்தகம் இருந்ததே, நினைவிருக்கிறதா? வாங்கியதை எல்லாம் அதில் எழுதி, சம்பளத்தன்று கணக்குத் தீர்ப்பார்கள். இன்று அந்தப் புத்தகத்தின் இடத்தைக் கடன் அட்டை பிடித்திருக்கிறது. அட்டைக் கடனுக்கு ஆண்டு வட்டி 18 விழுக்காடு வரை போகலாம். ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஆயிரம் வெள்ளிக் கடன் ஓராண்டு முழுதும் தீராமல் நின்றால், வட்டி மட்டும் ஏறத்தாழ 180 வெள்ளி. ஒரு பிள்ளையின் பள்ளிப் பையும் காலணியும் அந்த வட்டியில் போய்விடும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சொன்னது இதற்காகத்தான். வீட்டிலேயே பட்டியல் எழுதி, அதற்கான பணத்தை மட்டும் எடுத்துச் செல்லுங்கள்.

ரசீதைத் தூக்கி எறியாதீர்கள். பழுதான பொருளைக் கடைக்காரர் மாற்றித் தர மறுத்தால், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த நடுவர் மன்றத்தில் முறையிடலாம். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம். வழக்கறிஞர் தேவையில்லை. அதுபோல, அங்கே வேலைக்குப் போகும் பிள்ளைகள் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். ஊழியர் சேமநிதியும் சொக்சோவும் கட்டப்படுகின்றனவா என்று பார்க்க வேண்டும். 2025ஆம் ஆண்டு முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என்பதையும் மறக்க வேண்டாம்.

நேயர்களே, இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். பேரங்காடி பொது இடம் போலத் தோன்றுகிறது. உண்மையில் அது தனியார் இடம். நாம் அங்கே விருந்தாளிகள். பத்துப் பேர் கூடி ஒரு கூட்டம் நடத்த நினைத்தால் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். இரவானால் கதவு அடைபடும். அது மூடப்படுவதா, நிலைப்பதா என்பதும் நம் கையில் இல்லை. பல ஆண்டுகள் மக்கள் கூடிய அந்த அம்பாங் பார்க், ரயில் நிலையத் திட்டத்துக்காக 2017இன் இறுதியில் மூடப்பட்டது; பிறகு இடிக்கப்பட்டது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். சீஃபீல்டிலும் எஃபிங்ஹாமிலும் மரங்கள் போயின, லயங்கள் போயின. ஆனால் அந்தத் தோட்டங்களின் பெயரைத் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. அங்கே படிக்கும் பிள்ளைக்குத் தன் பாட்டன் உழைத்த இடத்தின் பெயர் பள்ளிப் பலகையிலேயே கிடைக்கிறது. மக்கள் தங்களுடையது என்று கருதிப் பிள்ளைகளை அனுப்பிய இடம் நின்றது.

ஆகவே, தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயரும் குடும்பங்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். பேரங்காடிக்குத் தாராளமாகச் செல்லுங்கள். பிள்ளைகளோடு நடந்து, பார்த்து மகிழுங்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அதற்கே கொடுத்துவிடாதீர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு, ஒரு ஞாயிறு கோயிலுக்கு அல்லது குடியிருப்பின் பொது மண்டபத்துக்கு என்று ஒதுக்குங்கள். அங்கே குளிர்சாதனம் இல்லாமல் இருக்கலாம். நாற்காலி பழையதாக இருக்கலாம். ஆனால் அங்கே பேசவும், கேள்வி கேட்கவும், முடிவெடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

பொருள் வாங்க ஓர் இடம் வேண்டும். ஒருவருக்கொருவர் துணையாக நிற்கவும் ஓர் இடம் வேண்டும். முதல் இடத்தைப் பிறர் கட்டித் தருவார்கள். இரண்டாவது இடத்தை நாமேதான் காத்துக்கொள்ள வேண்டும்.